அத்தானின் ஒளி

என் அக்காவின் கணவருக்கு ஒளியைப் பற்றித் தெரியாதது ஒன்றுமே இல்லை. நான் சொல்லவில்லை, அவரே சொல்வார். இந்தப் பிரெஞ்சு ஊரில் எங்கள் தமிழ் ஆட்களின் கடைகள் நிறைந்த லாச்சப்பலில், ரூ காய் தெருவில் ஒரு தேத்தண்ணிக் கடை வாசலில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆளைக் காணலாம். வலது கையைத் தலைக்கு மேலே தூக்கி, பல்பு பூட்டுகிறவர் மாதிரி விரல்களைச் சுழற்றிக்கொண்டு நிற்பார். கை மேலே போய்விட்டால் பிரசங்கம் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

"ஒளி வேறை, வெளிச்சம் வேறை, கண்டியளோ. வெளிச்சம் பொருளிலை வந்து விழும். ஒளி பொருளுக்குள்ளை இருந்து வரும்."

சுற்றி நிற்பவர்கள் தலையாட்டுவார்கள். ஒருநாள் ஒரு பெடியன், "அப்ப அண்ணை, ரியூப் லைற் எதிலை சேரும்?" என்று கேட்டுவிட்டான். அத்தான் அவனோடு அதற்குப் பிறகு கதைத்ததே இல்லை. எனக்கு அந்தப் பெடியனை நன்றாகப் பிடித்துப்போனது.

பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் வெட்டி ஒட்டி வைத்துக்கொள்ளுகிற ஆள். எனக்கு அத்தான், அது போதும். நான் அந்தத் தேத்தண்ணிக் கடைக்குப் பக்கத்துச் சேலைக்கடையின் பின்னறையில் இருந்து பிளவுஸ் தைக்கிறவள். அவர் கடை வாசலில் நின்று கதைப்பது பாதி எனக்குத் தையல் மெஷின் சத்தத்தையும் மீறிக் கேட்கும். மீதிப் பாதியை அக்கா வீட்டில் சாப்பாட்டு நேரத்தில் கேட்டிருக்கிறேன்.

பிழைப்புக்கு அவர் ஒரு ஹோட்டலில் வரவேற்பு மேசையில் நின்றார். அங்கே தங்கிப்போன யாரோ ஒரு தடித்த ஓவியப் புத்தகத்தை அறையில் விட்டுவிட்டுப் போக, தேடி ஒருவரும் வராமல் போக, அது அத்தானிடம் வந்து சேர்ந்தது. அவருடைய கலை வாழ்க்கை அப்படித்தான் தொடங்கியது. விட்டுப்போனது சமையல் புத்தகமாக இருந்திருந்தால் அக்காவுக்கு உதவியாகவாவது இருந்திருக்கும்.

அந்தப் புத்தகத்தில் ஒரு படம். நூறு வருடத்துக்கு முந்தி இந்த ஊரில் குறியீட்டு ஓவியர்கள் என்று ஒரு கூட்டம் இருந்ததாம். கண்ணுக்கு முன்னால் கிடப்பதை விட்டுவிட்டு, மனதில் கிடப்பதை வரைகிறவர்களாம். அவர்களில் ஒருவர் வரைந்தது. ஒரு பெண் கட்டில் விளிம்பில் உடுப்பில்லாமல் இருக்கிறாள், முதுகை எங்களுக்குக் காட்டிக்கொண்டு. தலைமயிர் அவிழ்ந்து ஒரு தோளில் கிடக்கிறது. விளக்கு அவளுக்கு அந்தப் பக்கத்தில் எங்கேயோ இருக்கிறது, எங்களுக்குத் தெரியாது. அதன் வெளிச்சம் அவளுடைய தோளைச் சுற்றி வந்து, காதின் நுனியைச் சிவப்பாக்கிவிட்டு, முதுகுப் பக்கம் வரும்போது களைத்துப்போய் நின்றுவிடுகிறது. பொய் சொல்லக்கூடாது, நல்ல படம். அந்த விளக்கை யாரோ கொண்டுவந்து வைத்துவிட்டு, போகாமல் அங்கேயே நிற்கிறார்கள் என்று எனக்குப் படும். நிற்பது அவளுக்குத் தெரியும். தெரிந்தும் துவாயை எடுத்துப் போர்த்தாமல் இருக்கிறாள்.

இந்த ஒரே படத்தை வைத்துத்தான் அத்தான் வருடக்கணக்காகச் சீவித்தார். வாசகர் வட்டத்தில் பேசினார், கட்டுரை எழுதினார், கல்யாண வீட்டுச் சாப்பாட்டு மேசையில்கூட விடமாட்டார். "பெண்ணின்ரை நிர்வாணம் எண்டது உடம்பில்லை. அது ஒரு நெருக்கம். ஒளிக்கும் தோலுக்கும் நடக்கிற சம்பாஷணை," என்று சொல்லிக்கொண்டு ஆட்டிறைச்சி எலும்பை உறிஞ்சுவார்.

அவருடைய குணம் என்னவென்றால், ஆள் ஒன்றையும் பார்க்கமாட்டார். கண்ணில் குறை ஒன்றும் இல்லை. கதைக்கும்போது, கதைக்கிற பொருளில் கண் நிற்காது, கேட்பவரின் முகத்தில்தான் நிற்கும், தான் சொன்னது எப்படி இறங்குகிறது என்று. புதுச் சேலை கட்டிக்கொண்டு அக்கா முன்னால் நின்று, "எப்பிடி இருக்கு?" என்றால், "அருமையா இருக்கு," என்பார், டீவியைப் பார்த்துக்கொண்டு.

அந்தப் படத்தைப் பெரிதாக அச்சடித்து, சட்டம் போட்டு, பியர்ஃபித் என்கிற புறநகரில் இருந்த தன் வீட்டு வரவேற்பறைச் சுவரில் மாட்டி வைத்திருந்தார். ஆனால் எங்கள் குடும்பம் வேதக்காரக் குடும்பம். புதன்கிழமைகளில் செபக் கூட்டம் வீடு வீடாகச் சுற்றி வரும். அத்தான் வீட்டு முறை வருகிற அன்று, படத்தைக் கழற்றி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி மாட்டிவிடுவார். பெண்கள் முழங்காலில் நின்று செபமாலை சொல்ல, அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு இருப்பாள். ஒருமுறை கூட்டம் முடிந்தபிறகு திருப்ப மறந்துவிட்டார். மறந்தது பெரிதில்லை. அடுத்த முறை செபக் கூட்டம் வரும்வரை அப்படியே கிடந்தது. அத்தனை நாளும் அதற்கு நேர் எதிர்க் கதிரையில் இருந்துதான் மனுசன் சோறு தின்றது, அந்தப் படத்தைப் பற்றியே கட்டுரை எழுதியது. கடைசியில் கழற்றப் போனவர், "ஆர் இதைத் திருப்பினது?" என்று அக்காவைக் கேட்டாராம். அக்கா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அப்போது அவளால் சிரிக்க முடிந்தது.

படத்தின் அசல் இந்த ஊர் நூதனசாலை ஒன்றில் காட்சிக்கு வந்தபோது வாசகர் வட்டத்தையே கூட்டிக்கொண்டு போனார். அக்காவும் நானும் போனோம். படத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று, எங்களைப் பார்த்துப் பிரசங்கம். பின்னால் அவள், முன்னால் இவர், இரண்டு முதுகு. வாசலில் நின்ற காவல்காரி வந்து, தோள் படத்தில் முட்டப்போகிறது என்று தள்ளிவிடவேண்டியிருந்தது. எனக்கு அலுத்துப்போய், "அத்தான், அவவின்ரை இடுப்புக்கு மேலை ஒரு மச்சம் கிடக்கு, கண்டனீங்களே?" என்று கேட்டேன்.

"எங்கை?" என்றார். திரும்பவில்லை. "அப்பிடி ஒண்டும் இல்லை. நான் இந்தப் படத்தை எத்தனை வருசமா ஆராயிறன்."

எல்லோருக்கும் தெரிகிற மச்சம். மயிர் நுனி வந்து முடிகிற இடத்தில் விரல் நகம் அளவுக்கு இருக்கிறது. ஹோட்டல் புத்தகத்தில் படம் இரண்டு பக்கத்தில் விரிந்து கிடக்கும், நடு மடிப்பு சரியாக அந்த இடத்தில்தான் விழும். அந்த மடிப்புக்குள் போன மச்சம் அவருக்கு இல்லாத மச்சம். வீட்டில் தொங்குவதும் அந்தப் புத்தகத்தில் இருந்து எடுத்ததுதானே. அடுத்த ஞாயிறு தேத்தண்ணிக் கடை வாசலில், அசல் படத்தில் ஊத்தை பிடித்திருக்கிறது, நூதனசாலைக்காரர் கவனிப்பதில்லை என்று சொல்லிக்கொண்டு நின்றார். மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டேன்.

பிறகு அக்காவுக்கு வருத்தம் வந்தது. மார்பில். புற்றுநோய் என்ற சொல்லை எங்கள் ஆட்கள் வாயால் சொல்லமாட்டார்கள், 'அந்த வருத்தம்' என்பார்கள். வலப்பக்கத்தை முழுதாக எடுத்துவிட்டார்கள். அத்தான் ஊருக்கு என்ன சொன்னார் தெரியுமா? பித்தப்பையில் கல் என்றார். நான் கேட்டதற்கு, "பொம்பிளையளின்ரை விசயம். வெளியிலை கதைக்க வடிவில்லை," என்றார். வருடக்கணக்காக நடுத்தெருவில் நின்று ஒரு பொம்பிளையின் முதுகைப் பற்றிக் கதைத்த வாய் அது. செபக் கூட்டத்துப் பெண்கள் ரசமும் புட்டும் கொண்டுவந்து, "கல்லுக்கு எண்ணெய் கூடாது, பொரியல் தொடாதேங்கோ," என்று புத்தி சொல்லிவிட்டுப் போனார்கள். அக்கா, "ஓம், ஓம்," என்று கேட்டுக்கொண்டாள்.

ஆஸ்பத்திரிக்கு ஒவ்வொரு நாளும் வந்தார், அதையும் சொல்லத்தான் வேண்டும். பழம் வாங்கிக்கொண்டு வருவார். கட்டிலின் கால்பக்கத்தில் நின்று, ஜன்னலுக்கு வெளியே பார்த்து, "இந்த ஊரிலை பின்னேர ஒளி ஒரு தினுசு," என்பார். பார்க்கிற நேரம் முடிந்ததும் போய்விடுவார்.

வீட்டுக்கு வந்தபிறகு காயத்துக்குக் கட்டு மாற்ற ஒரு தாதி வந்தாள். உயரமான, கறுப்பு மனுசி, நல்ல வாய். நான் நின்ற ஒருநாள், "மிசியே, இஞ்சை வாங்கோ. எனக்கு வரேலாமல் போனால் நீங்கள்தானே மாத்தவேணும், வந்து பாருங்கோ," என்று பிரெஞ்சில் கூப்பிட்டாள். அத்தான், "உய், உய்," என்று ஆமாம் போட்டபடி குசினிக்குள் போய்த் தண்ணீர் கொதிக்க வைத்தார். சுடுதண்ணீர் ஒருவரும் கேட்கவில்லை. தாதி போனபிறகும் கேத்தல் கொதித்துக்கொண்டு கிடந்தது. எனக்கு வந்த கோபத்துக்கு அந்தத் தண்ணீரை அவர் தலையில் ஊற்றியிருப்பேன். அக்காவின் முகத்துக்காக விட்டேன்.

காயம் ஆறியது. கோடை வந்தது. அக்கா கடைக்கு வந்து, என் மேசைக்குப் பக்கத்தில் இருந்து பழைய பிளவுஸ்களில் நூல் பிரித்துத் தருவாள், கைக்குப் பயிற்சி என்று. ஒருநாள் நூலைப் பிரித்துக்கொண்டே தலை நிமிராமல் சொன்னாள்:

"ஆள் இன்னும் பாக்கேல்லையடி."

எனக்கு விளங்கியது. இருந்தாலும், "எதை?" என்றேன்.

"எதையெண்டு கேக்கிறாய். நான் உடுப்பு மாத்தப் போனால் லைற்றை நூத்துப்போடுறார். கேட்டால், கண் கூசுதாம். சரி எண்டு, முந்தநாள் காலமை ஜன்னல் சீலையைத் திறந்துபோட்டு, கட்டிலிலை இருந்து நானே கூப்பிட்டனான். 'இஞ்சருங்கோ, ஆறிட்டுது, ஒருக்காப் பாருங்கோ' எண்டு."

"என்ன சொன்னவர்?"

"'சளி பிடிக்கும், போத்தும்' எண்டுபோட்டு மூக்குக்கண்ணாடியைத் தேடப் போயிட்டார். கண்ணாடி முகத்திலை கிடக்கு."

அவள் சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. "வடிவில்லை எண்டு சொல்லட்டும், பயமாக் கிடக்கு எண்டு சொல்லட்டும். ஒருக்காப் பாத்துப்போட்டுச் சொல்லட்டுமன். எனக்கு வேறை ஒண்டும் வேண்டாம்," என்றாள். நான் மெஷினை ஓட்டிக்கொண்டிருந்தேன், தையல் கோணலாகப் போய்விட்டது. என்ன கேட்டுவிட்டாள் அந்த மனுசனிடம்? நகையா, வீடா? கண்ணைத் திறந்து ஒருதரம் பார் என்றாள். அதற்கு இவ்வளவு பாடு.

அதே மாதம்தான் அத்தானுடைய புத்தகம் சென்னையில் அச்சாகி வந்தது. ஒளியும் நெருக்கமும் பற்றித்தான், வேறு எதைப் பற்றி? அட்டையில் அந்தப் படம், அதுவும் தோளுக்கு மேலே மட்டும். சபை கூடுகிற இடத்தில் முழுதாகப் போடக்கூடாதாம். லாச்சப்பலில் ஒரு மண்டபம் எடுத்து வெளியீட்டு விழா ஒழுங்கு செய்தார். மங்கள விளக்கை நூலாசிரியரின் துணைவியார் ஏற்றுவார் என்று அழைப்பிதழில் போட்டாயிற்று. அதற்குப் பிறகுதான் ஆளுக்கு யோசனை வந்திருக்கிறது. தனியாக என் கடைக்கு வந்தார்.

"அக்காவுக்கு ஒரு பிளவுஸ் தைக்கவேணும். ரெண்டு பக்கமும் சரியா இருக்கவேணும். உள்ளுக்குப் பஞ்சோ எதுவோ வைச்சு. ஒருத்தருக்கும் தெரியப்படாது."

இதைச் சொல்லும்போது அவர் கண் அலுமாரியில் அடுக்கியிருந்த சேலைகளில் இருந்தது.

"அக்கா கேட்டவவோ?" என்றேன்.

"அவவுக்கு இதெல்லாம் விளங்காது. மேடையிலை நாலுபேர் பாப்பினம்."

"நாலுபேர் பாக்கட்டும். நீங்கள் பாத்தனீங்களோ, அத்தான்?"

கேட்காத மாதிரி, "இந்தச் சிவப்புக்கு மஞ்சள் வெளிச்சம் எடுக்காது," என்று ஒரு சேலையைத் தொட்டுவிட்டுப் போய்விட்டார். நான் தைத்தேன். அவருக்காக இல்லை, அக்காவுக்கு விருப்பமாக இருந்தாலும் இருக்கும் என்று. இடப்பக்கம் என்றால் முந்தானையே மறைத்துவிடும். கடவுள் வலப்பக்கத்தை அல்லவா எடுத்தார். மெல்லிய பஞ்சை நாலு மடிப்பாக வைத்து, துணிப் பை மாதிரி ஒன்று தைத்து, உள்ளே கொளுவும்படி செய்தேன். போட்டுப் பார்த்தாள். கண்ணாடியில் ஒரு வித்தியாசமும் இல்லை. "நல்ல வேலைகாறியடி நீ," என்று மட்டும் சொன்னாள்.

விழா அன்று மண்டபம் நிறைந்திருந்தது. ஊர்ப்புதினம் பார்க்க வந்தவர்கள் பாதி, முடிவில் தின்னத் தருகிற றோல்ஸுக்காக வந்தவர்கள் மீதி. இறந்தவர்களுக்கான அகவணக்கம் முடிந்தது. வட்டத்தின் தலைவர் அத்தானுக்குப் பொன்னாடை போர்த்தினார். அத்தான் ஒலிவாங்கிக்குப் பக்கத்திலேயே கையில் பேச்சுத் தாளோடு நின்றார். திரையில் அந்தப் படத்தைப் பெரிதாக விழுத்தி, மண்டபத்து விளக்குகளைக் குறைத்துவிட்டார்கள். இதெல்லாம் அவருடைய ஒழுங்குதான். மங்கள விளக்குச் சுடர் படத்துக்கு முன்னால் தெரியவேண்டுமாம்.

அந்த நேரம் பின்வரிசையில் இருந்த என்னிடம் அக்கா வந்து, குனிந்து எதையோ என் கைப்பைக்குள் திணித்தாள். "இதை வைச்சிரு," என்றாள். தொட்டுப் பார்த்தேன். நான் தைத்த பஞ்சு.

"அக்கா," என்றேன்.

"இண்டைக்காவது பாப்பார்," என்றாள். பெயர் கூப்பிட, மேடைக்குப் போனாள்.

ஐந்து திரியையும் ஏற்ற வேண்டும். வலக்கை முழுதாக மேலே போகாது அவளுக்கு. கொஞ்சம் சரிந்து, இடக்கையால் வலக்கையைத் தாங்கிக்கொண்டு ஏற்றினாள். ஏற்றிவிட்டு இறங்காமல், திரைக்கு முன்னால் நேராக நிமிர்ந்து நின்றாள், அத்தானைப் பார்த்தபடி. படத்தை விழுத்துகிற வெளிச்சம் முழுதும் அவள் மேல். அவளுடைய நிழல் திரையில் இருந்தவளின் முதுகை அப்படியே மூடிவிட்டது. முன்வரிசைப் பெண்கள் இரண்டு பேர் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அவர்களுக்கு உடனே தெரிந்துவிட்டது.

அத்தான் பேச்சுத் தாளில் இருந்து நிமிர்ந்தார். நிமிர்ந்து திரையைப் பார்த்தார். ஒலிவாங்கியில் சொன்னார்:

"ஆரது? கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ. படம் மறைக்குது."

"நான்தான்," என்றாள் அக்கா.

அப்போதுதான் திரும்பினார். கண் அவளுடைய முகத்துக்குப் போய், கீழே இறங்கி, நின்றது. ஒரு கணம் நான்கூட நம்பினேன். சரி, பார்த்துவிட்டான் மனுசன், இனியாவது ஏதேனும் சொல்லுவான் என்று. கண் அந்த இடத்தில் இருந்து நேரே சனத்திடம் போனது. தோளில் கிடந்த பொன்னாடையைக் கழற்றினார். வேகமாகப் போய், தலைமயிர் வெட்டுகிற கடையில் துணி கட்டுவது மாதிரி முன்பக்கத்தால் கொண்டுவந்து, கழுத்துவரை இழுத்து மூடினார். மூடும்போது முகத்தை, விழாவைப் படம்பிடித்த கமெரா பக்கம் திருப்பி வைத்திருந்தார்.

சனம் கைதட்டியது. எழும்பி நின்றுகூடத் தட்டினார்கள். தலைவர் ஒலிவாங்கியைப் பிடித்து, தனக்குக் கிடைத்த கௌரவத்தைத் துணைவியாருக்கே சூட்டிய நூலாசிரியரின் பெருந்தன்மையைப் பற்றி நீளமாகப் பேசினார். எனக்குப் பக்கத்தில் இருந்த மனுசி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உங்கடை அக்கா குடுத்து வைச்சவ," என்றாள். நான் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "ஓம்," என்றேன். அந்த இடத்தில் வேறு என்ன சொல்ல?

அக்கா மேடையில் இருந்து இறங்கி, முன்வரிசைக் கதிரைக்குப் போகாமல் நேரே என்னிடம் வந்தாள். "நான் உன்னோடை வாறன்," என்றாள். பொன்னாடையோடேயே என் வீட்டுக்கு வந்து, அதை மடித்துக் கதிரையில் போட்டுவிட்டுப் படுத்தாள்.

அடுத்தநாள் காலமை அத்தான் தொலைபேசியில் வந்தார். அக்கா எப்படி என்று கேட்கவில்லை. "அந்தப் பொன்னாடை உங்கடை வீட்டையோ? அது தலைவர் ஊரிலை இருந்து எடுப்பிச்சது. மடிப்புக் குலையாமல் வைச்சுக்கொள்ளும்," என்றார். நான் என்னவோ சொல்ல வாய் எடுத்தேன். எதிரில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த அக்கா கையைக் காட்டி மறித்தாள்.

"குடுத்துவிடு," என்றாள். "அவருக்குக் குளிரும்."

தொலைபேசியை வைத்தேன். என் வீட்டு ஜன்னலுக்குக் கீழே ரயில் பாதை, மறைக்க ஒரு கட்டிடமும் இல்லை, காலமை வெயில் நேரே உள்ளே வரும். அக்கா தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு, கதிரையை ஜன்னல் பக்கம் திருப்பினாள். இரவு மாற்றிக்கொண்ட என் சட்டையின் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினாள்.

"நீ பாக்கிறியே?" என்று கேட்டாள்.

கிட்டப் போய் முழங்காலில் இருந்து பார்த்தேன். நடுநெஞ்சில் இருந்து அக்குள் வரைக்கும் ஒரு கோடு. வெளிர்ச் சிவப்பு. அதைச் சுற்றித் தோல் மினுமினுத்து, கீழே விலா எலும்பு மூச்சுக்கு மேலே வந்து போனது. வேறு ஒன்றும் இல்லை. ஒரு மனுசன் ஏழு மாதமாக லைற்றை நூர்த்து நூர்த்து ஓடியது இதற்குப் பயந்துதான். அக்கா கோட்டைப் பார்க்கவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வடிவாத்தான் தைச்சிருக்கிறாங்கள்," என்றேன். "அக்குளுக்குக் கிட்டத்தான் ஒரு சுருக்கு விழுந்திட்டுது."

"ஓம். எனக்கும் அதிலைதான் இழுக்கிறது."

"தேத்தண்ணி ஆறிப்போச்சு, சூடாக்கிக்கொண்டு வரட்டே?" என்று எழும்பப் போனேன். அவள் என் கையைப் பிடித்தாள்.

"தேத்தண்ணி கிடக்கட்டும்," என்றாள். "இன்னும் கொஞ்சம் பார்."

இருந்து பார்த்தேன்.